பாப்பாரப்பட்டி ஆம்புலன்ஸ்

ஊர் பாப்பிரெட்டிப்பட்டி என்றால், "வீரப்பனைச் சுட்ட ஊரா?" என்கிறார்கள். அது பாப்பாரப்பட்டிங்க! மாவட்டம் மட்டும்தான் ஒன்று.

2004 அக்டோபர் 18 இரவு அங்கே, அதிரடிப்படை ரகசியமாக அனுப்பிய ஆம்புலன்ஸில் வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் கொல்லப்பட்டார்கள். 'ஆபரேஷன் ககூன்'. இதைக் கலைக்களஞ்சியத்தில் எப்படி எழுதுவது?

நான் பி.காம். வவுச்சர் இல்லாமல் பதிவு போடமாட்டோம். தேதி, இடம், நான்கு சாவு நேராகப் போகலாம். சரணடையச் சொன்னோம், சுட்டார்கள் என்பது போலீஸ் கூற்று. முன்பே பிடித்துக் கொன்றார்கள் என்பது மனித உரிமை அமைப்புகள் சிலவற்றின் சந்தேகம். யார் சொன்னது என்று சேர்த்தே எழுதணும்.

ஆனால் அந்த ஒரு இரவோடு நிறுத்தினால் நடுநிலை ஆகாது. வீரப்பன் கொன்றவர்கள் நூற்றுக்கு மேல் என்கிறது போலீஸ். தேடுதலில் அதிரடிப்படையிடம் சிக்கிச் சீரழிந்த 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச்சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம், 2007இல்.