ரெண்டே ரெண்டு ஸீட்!

1958-ம் வருஷம், மே மாதம். மான்டி கார்லோவில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்து ஒரு புதுக் காரைக் காட்டினார்கள். குட்டிக் கார். இரண்டு ஹெட்லைட்டும் பானெட்டின் மேல் தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. சரி, ஏறி உட்கார்ந்து பார்க்கலாம் என்றால்... கதவில் கைப்பிடியைக் காணோம்!

கழற்றி வைத்துவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். கைப்பிடியே கிடையாது. ஜன்னல் திரைக்குள் கையை விட்டு, உள்பக்கத்துக் கொக்கியை இழுத்தால் கதவு திறக்கும். பூட்டு? அதுவும் இல்லை. பின்பக்கம் போனால் டிக்கிக்கு மூடி இல்லை. பெட்டி வைக்க வேண்டுமா? ஸீட்டை முன்னால் சாய்த்து, அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இருட்டுப் பொந்தில் தலையை விட்டுத் தள்ளிக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தவளைக் கண்கூட அழகுக்காக வந்ததல்ல. வேண்டாதபோது மடங்கிப் படுத்துக்கொள்ளும் விளக்காகத்தான் முதலில் வரைந்தார்கள். மடக்கும் சாமான்களுக்குக் காசு அதிகமாகும் என்று தெரிந்ததும், நின்ற வாக்கிலேயே விட்டுவிட்டார்கள்.

கார் பெயர் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட். எஞ்சின், ஆஸ்டின் ஏ-35 என்ற சாதாரணக் குடும்பக் காரிலிருந்து வந்தது. ஸ்டீயரிங், மாரிஸ் மைனரிலிருந்து. 948 சி.சி., 43 குதிரை சக்தி. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட இருபது விநாடிக்கு மேல் ஆகும். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்!

விலை? வரியெல்லாம் சேர்த்து சுமார் 669 பவுண்ட். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 49,000 கார்கள் போயின. கைப்பிடி இல்லாத காரை வரிசையில் நின்று வாங்கியவர்கள் முட்டாள்களா, ரசிகர்களா? இதில் ஆரம்பித்த பட்டிமன்றம் இன்றுவரை தீர்ப்புக்கு வரவில்லை.

இந்த ஜாதிக் காருக்கு அஸ்திவாரம் போட்டவர் ஸெஸில் கிம்பர். ஆக்ஸ்ஃபோர்டில், மாரிஸ் கார் கம்பெனி முதலாளிக்குச் சொந்தமான மாரிஸ் கராஜஸில் மேனேஜர். அதன் சுருக்கம்தான் எம்.ஜி. அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பென்ட்லி, பிரபு வீட்டுப் பிள்ளைகள், பெரிய பெரிய எஞ்சின். கிம்பர் எதிர்த்திசையில் யோசித்தார். கம்பெனியின் மிகச் சிறிய காரான மாரிஸ் மைனரின் சேஸிஸை எடுத்து, மேலே படகு வால் மாதிரி லேசான ஒரு உடம்பைப் பொருத்தினார். 847 சி.சி. எஞ்சின். 1928 லண்டன் கண்காட்சியில் வைத்தபோது விலை 175 பவுண்ட். எம்.ஜி. மிட்ஜெட்!

அதற்கப்புறம் வந்த எல்லா மலிவு ஸ்போர்ட்ஸ் காரும் கிம்பரின் இந்தச் சமையல் குறிப்பைத்தான் பின்பற்றின. ஊரார் ஓட்டும் சாதாரணக் காரின் எஞ்சின், கியர், அச்சு எல்லாவற்றையும் கடன் வாங்கு. நாலு ஸீட்டை இரண்டாக்கு. தகரக் கூரையைக் கழற்றிவிட்டுத் துணி போடு. எடை குறையும். எடை குறைந்தால் சின்ன எஞ்சினே போதும். சின்ன எஞ்சின் என்றால் விலையும் சின்னது.

குறிப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். நிறைகள் எந்த வாசல் வழியாக வந்தனவோ, குறைகளும் அதே வாசல் வழியாகத்தான் வந்தன. துணிக்கூரை காற்றைத் தரும், மழையையும் தரும். கடன் வாங்கிய அச்சு விலையைக் குறைக்கும். வளைவில் காலையும் வாரும்.

உதாரணம் நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைவாசிகளில் கொஞ்சம் வயதானவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகமிருக்கும். 1961-லிருந்து இங்கே தயாரான கார். எத்தனை டாக்டர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது! அந்த ஹெரால்டின் சேஸிஸை எட்டரை அங்குலம் குறுக்கி, இத்தாலிய டிசைனர் மிக்கலோட்டி வரைந்த உடம்பை மேலே மாட்டினால் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்து இளைஞர்களின் கனவுக் கார், நம்மூர் டாக்டர் காரின் தம்பி!

1961-ல் ட்ரையம்ஃப் கம்பெனி கடனில் மூழ்கி லேலண்ட் கைக்குப் போனது. புது முதலாளிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கையில், ஒரு மூலையில் தூசித் துணி போர்த்தியிருந்த மாதிரி வண்டியைக் கண்டு, துணியை விலக்கிப் பார்த்து, அசந்துபோய் அனுமதி கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1962-ல் விற்பனைக்கு வந்தது. மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது.

அழகு சரி. ஹெரால்டிடமிருந்து வந்த பின்பக்க அச்சு? வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கும். அடுத்த விநாடி வண்டி பம்பரமாகச் சுழலும். இந்தக் குணத்தைக் கம்பெனி ஒழுங்காகச் சரிசெய்தது 1970-ல்தான்.

அபிமானிகள் இதையெல்லாம் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. 'ஓட்டத் தெரிந்தவன் ஓட்டட்டும்' என்றார்கள். இங்கிலாந்துக் கார்களுக்கு மின்சாரச் சாமான் செய்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் கொடுத்துவிட்டு, அதே கார்களை மறுபடி வாங்கினார்கள். சனிக்கிழமை காரின் அடியில் படுத்துக் கிடப்பது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது. மழையில் நனைவதும் எண்ணெய்க் கறையும்தான் ருசி என்ற ஒரு கட்சியே உருவாகிவிட்டது.

என் அபிப்பிராயத்தில், இந்தக் கார்களுக்குப் பெரிய கெடுதல் செய்தவர்கள் இந்த அபிமானிகள்தான். வாடிக்கையாளரே குறையை ரசிக்கிறார் என்றால் முதலாளி எதற்குச் செலவழித்துத் திருத்தப் போகிறார்? 1962-ல் வந்த எம்.ஜி.பி, பெரிய மாற்றமில்லாமல் 1980 வரை ஓடியது. ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற கார். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே சட்டம் மாறியது. புகைக் கட்டுப்பாடு, மோதினால் தாங்கும் பம்பர், ஹெட்லைட் இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி. புது கார் வடிவமைக்கக் காசில்லாத கம்பெனி என்ன செய்தது? மூக்கிலும் வாலிலும் கறுப்பு ரப்பர் மூட்டையைக் கட்டி, காரையே ஒன்று, ஒன்றரை அங்குலம் தூக்கி நிறுத்தியது. தரையோடு தரையாகப் போவதுதான் ஸ்போர்ட்ஸ் காரின் உயிர். அதையே தூக்கிவிட்டார்கள்! ஆரம்பத்தில் 95 குதிரை சக்தி என்று சொல்லப்பட்ட எஞ்சின், அமெரிக்காவில் 62-க்கு இறங்கியது. அளக்கும் முறை நடுவில் மாறியதைக் கழித்துப் பார்த்தாலும், மூச்சு வாங்கும் கார்.

அதே சமயத்தில், 1976-ல், ஜெர்மனியிலிருந்து வந்தது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1,600 சி.சி., 110 குதிரை சக்தி. நாலு பேர் உட்காரலாம், மழையில் நனையாது, காய்கறி மூட்டை ஏற்றலாம், எம்.ஜி.பியைச் சுலபமாக முந்தலாம். 'இதற்கு மேல் எதற்கு ரெண்டு ஸீட்?' என்று எதிர்க்கட்சி கேட்டபோது, பதில் சொல்ல ஆளில்லை.

எம்.ஜி. தொழிற்சாலை இருந்தது ஆபிங்டன் என்ற சின்ன ஊரில். 1979 செப்டம்பரில் அங்கே பொன்விழா. தொழிற்சாலை ஊருக்கு வந்து 50 வருஷம். ஊரே திரண்டு கொண்டாடியது. விழா முடிந்த மறுநாள், திங்கள்கிழமை, நிர்வாகம் அறிவித்தது: தொழிற்சாலையை மூடப்போகிறோம்! பவுண்டின் மதிப்பு ஏறிப்போனதால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் அலங்காரத் தோரணத்தைக்கூட அவிழ்க்காத நிலையில் அந்தச் செய்தியைக் கேட்ட தொழிலாளியின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அபிமானிகள் போராடிப் பார்த்தார்கள். ஆஸ்டன் மார்ட்டின்காரர்கள் ஒரு கூட்டணி சேர்த்து வாங்கப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1980 அக்டோபரில் கதவு சாத்தப்பட்டது. ஸ்பிட்ஃபயரும் அதே வருஷம் போய்ச் சேர்ந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஹிரோஷிமாவில் தொடர்ந்தது.

பாப் ஹால் என்ற அமெரிக்க கார் பத்திரிகையாளர், ஜப்பானிய மொழி தெரிந்தவர். 1979-ல் மாஸ்டா கம்பெனியின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, அடுத்து என்ன கார் செய்யலாம் என்று பேச்சு வந்தது. பழைய இங்கிலாந்து ரகத்தில் எளிமையான, மலிவான ஒரு ரெண்டு ஸீட்டர் செய்யுங்கள் என்றார் ஹால். அப்புறம் அவரே மாஸ்டாவின் கலிஃபோர்னியா கிளையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். யமமோட்டோவை ஹகோனே மலைப்பாதையில் ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஓட்டவைத்தார்கள். நம்ம ஹெரால்டின் தம்பிதான். மனிதர் மயங்கிவிட்டார்.

1984-ல் கம்பெனிக்குள்ளேயே போட்டி வைத்தார்கள். டோக்கியோ குழு இரண்டு யோசனை வைத்தது. ஒன்று, எஞ்சின் முன்னால் இருந்து முன்சக்கரத்தையே இழுப்பது. கையில் இருக்கும் சாமானை வைத்தே செய்யலாம், செலவு கம்மி. இன்னொன்று, எஞ்சின் ஸீட்டுக்குப் பின்னால். அப்போதைய ஃபாஷன். கலிஃபோர்னியா குழு பிடிவாதமாக, எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்தில், எம்.ஜி. மாதிரி என்றது. ஜெயித்தது கலிஃபோர்னியா. ஓடக்கூடிய முதல் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது யார் தெரியுமா? வொர்திங் என்ற ஊரில் இருந்த ஓர் இங்கிலாந்துக் கம்பெனி! 1985-ல் ஸான்ட்டா பார்பரா தெருக்களில் ஓட்டிப் பார்த்தபோது, ஜனங்கள் பின்னாலேயே துரத்தி வந்து இது என்ன கார் என்று விசாரித்தார்கள்.

தோஷிஹிகோ ஹிராய் என்ற எஞ்சினீயர் பொறுப்பேற்றார். குதிரையும் வீரனும் ஒரே உடம்பாக இருப்பதைச் சொல்லும் 'ஜின்பா இத்தாய்' என்ற வார்த்தைதான் அவருடைய மந்திரம். கிராம் கிராமாக எடையைக் குறைத்தார். ஆனால் கைப்பிடியைக் குறைக்கவில்லை! கூரைக்கு இரண்டு கொக்கி. விடுவித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னால் தள்ளலாம். தண்ணீர் ஒழுகாது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும். 1989 பிப்ரவரியில் சிகாகோவில் வெளியிட்டார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா. 1,600 சி.சி., 116 குதிரை சக்தி, விலை 13,800 டாலர். முதல் கோடையில் டீலர்கள் அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் வைத்துக் கேட்டார்கள். கொடுத்தார்கள்.

பழைய கட்சிக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒழுகாத ஸ்போர்ட்ஸ் காரா, ஆத்மா இல்லையே என்றார்கள். இங்கிலாந்தில் 'தலை அலங்காரம் செய்பவர்களின் கார்' என்று கேலி. வேகப் பிரியர்கள், 116 குதிரை போதாது என்றார்கள். அதே 1989-ல் லோட்டஸ் கம்பெனி முன்சக்கர ஓட்டத்தில் புது எலான் கொண்டு வந்தது. வளைவில் மாஸ்டாவைவிடக் கெட்டியாகப் பிடித்துப் போகும் என்று பரிசோதித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் விலை எக்கச்சக்கம். 1992-ல் நிறுத்தியபோது எண்ணிக்கை நாலாயிரத்தைத் தொடவில்லை.

எடுத்த சாமானே ஆளைக் கவிழ்த்த கதை அமெரிக்காவில் நடந்தது. பான்டியாக் ஃபியரோ. 1983-ல் வந்தது. எஞ்சின் நடுவில், பார்க்க அமர்க்களம். உள்ளே ஷெவெட் என்ற சின்னக் காரின் முன்சக்கர அமைப்பு, 92 குதிரை சக்தியில் குடும்பக் கார் எஞ்சின். முதல் வருஷம் லட்சத்துக்கு மேல் விற்றது. அப்புறம் எஞ்சின் தீப்பிடிக்கிறது என்று புகார்கள். 1988-ல்தான் சக்கர அமைப்பை ஒழுங்காகப் புதிதாய்ச் செய்தார்கள். அதே 1988-ல் மூடிவிட்டார்கள்!

எதிர்க்கட்சியின் ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. 'மலிவு, மலிவு என்கிறீர்கள். குழந்தையை எங்கே உட்கார வைப்பது? அப்பாவை ஆஸ்பத்திரிக்கு எதில் அழைத்துப் போவது? அதற்கு வேறு கார் வேண்டும். ஆக, இது இரண்டாவது கார். இரண்டு கார் வாங்க முடிந்தவனுக்கு எதற்கு மலிவு?' நம் நாட்டிலும் தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஸான் மோட்டார்ஸ், ஃபைபர் உடம்பும் ரெனோ எஞ்சினுமாக ஸ்டார்ம் என்று ஒரு ரெண்டு ஸீட்டர் செய்தது. தெருவில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இங்கே முதல் கார் வாங்குவதே குடும்ப வைபவம். அதில் தாத்தா, பாட்டிக்கு இடம் இல்லையென்றால் யார் வாங்குவார்கள்?

மாஸ்டாவின் கணக்கு வேறு. பெற்றோர் வாங்கிப் பத்து வருஷம் ஓட்டியதை, பிள்ளைகள் பழைய விலைக்கு வாங்கினார்கள். அமெரிக்காவில் பழைய மியாட்டாக்களுக்கென்றே ஒரு பந்தயப் பிரிவு உண்டு. வார நாளில் ஆபீஸ் போகிறவர்கள் வாரக்கடைசியில் ஓட்டுகிறார்கள். 2000-ம் வருஷம், உலகிலேயே அதிகம் விற்ற ரெண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறியது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது.

நாலாம் தலைமுறைக் கார் 2015-ல் வந்தபோது, ஜப்பானில் அதன் மிக எளிய வடிவத்தின் எடை 990 கிலோ. 26 வருஷத்துக்கு முந்தைய முதல் காரைவிட ஐம்பது கிலோதான் கூடுதல், அதுவும் காற்றுப் பைகளையெல்லாம் சேர்த்து! ஜப்பானில் அதற்கு 1,500 சி.சி. எஞ்சின் போட்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரிதாகத்தான் பிடிக்கும் என்று அங்கே 2,000 சி.சி. மட்டும் அனுப்பினார்கள். உடனே அங்கே ஒரு கோஷ்டி கிளம்பியது: 'எங்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சின்ன எஞ்சினைத் தரவில்லை?'