சங்கு சொன்ன வேலை... லைட்டு சொல்லும் வேலை!

வ. புதுப்பட்டியில் விடியற்காலை பஸ் ஏறியிருக்கிறீர்களா? மேற்கே மலை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். கையில் தூக்குச்சட்டியோடு நாலைந்து பெண்கள் ரோட்டோரம் நிற்பார்கள். மில் வேன் வந்து அள்ளிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் பக்கம் பறக்கும்.

அவர்களில் ஒரு அக்கா எனக்குப் பழக்கம். நூல் மில்லில் ரிங் ஃபிரேம் பார்ப்பவர். ஒருநாள் சொன்னார்: "இப்பல்லாம் மேஸ்திரி கத்துறதே இல்ல தம்பி. லைட்டுதான் வேலை சொல்லுது!"

லைட்டு வேலை சொல்கிறதா? அந்த ஒரு வரிக்குப் பின்னால் சுமார் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது.

வயல்வேலைக்குச் சூரியன்தான் கடிகாரம். மில் வந்ததும் அந்த வழக்கம் போயிற்று. சென்னையில் 1876-ல் பக்கிங்ஹாம் மில், 1880-களில் ஹார்வி சகோதரர்களின் மில்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், அப்புறம் மதுரையில். ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த ராஜபாளையம் மில்ஸ். மில் வந்த ஊர்களில் எல்லாம் சங்கு வந்தது. உலை வைப்பதற்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதற்கும்கூட மில் சங்குதான் கணக்கு!

ஆனால் சங்குக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை: 'வா', 'போ'. உள்ளே போனபின் யார், எந்த மெஷினில், என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மெஷின் இரைச்சலில் பேச்சு எங்கே கேட்கும்? இங்கிலாந்தின் லங்காஷயர் தறிக்கூடங்களில் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அந்த ஊமைப் பாஷைக்கு 'மீ-மா' என்று செல்லப் பெயரே உண்டு. நம் ஊரில் விசில், கைஜாடை... எல்லாவற்றுக்கும் மேலாக மேஸ்திரி!

மேஸ்திரி வெறும் தகவல் சொல்லும் ஆள் இல்லை. ஆள் சேர்ப்பவர் அவர், வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர், லீவுக்குத் தலையாட்ட வேண்டியவரும் அவரே. சும்மா தலையாட்டுவாரா? இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன், 1931-ல் தந்த அறிக்கையில் இந்த இடைத்தரகர்களின் லஞ்சத்தைக் கண்டித்து, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுக்கச் சொன்னது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மேலிருந்து கீழே உத்தரவு வர சங்கு, விசில், மேஸ்திரி என்று எத்தனை வழி! கீழிருந்து மேலே ஒரு வார்த்தை போக? வழியே கிடையாது. கூலி போதவில்லை, வாரத்தில் ஒருநாள் லீவு வேண்டும் என்று சொல்ல, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27-ம் தேதி மில்லையே நிறுத்த வேண்டியிருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில்தான் நிர்வாகம் இறங்கி வந்தது.

இந்தக் கதையில் திருப்பம் ஜப்பானிலிருந்து வருகிறது. அதுவும் ஒரு நூலிழையில்தான்! சாகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன், நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தார். 1924-ல் அது முழுமையான தானியங்கித் தறியாயிற்று. அந்தக் குடும்பம்தான் பிறகு டொயோட்டா கார் செய்தது. கார் தொழிற்சாலையிலும் அதே தத்துவம். கோளாறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுப்பார், தலைக்கு மேல் விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடி வருவார். சரியாகாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். அதற்குப் பெயர் 'ஆண்டோன்'. ஜப்பானிய மொழியில் காகித விளக்கு என்று அர்த்தம். தொழிலாளி கூப்பிட, அதிகாரி ஓடி வருகிறார். உத்தரவு முதல்முறையாகக் கீழிருந்து மேலே போகிறது!

நம்ம அக்காவின் மில்லுக்குத் திரும்புவோம். ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கு மேல் கதிர்கள். எங்கே இழை அறுந்தது என்று கண்ணால் தேடியபடி, ஷிஃப்ட் முழுக்க நடையாய் நடக்க வேண்டும். பார்ப்பதற்குள் பஞ்சு உறிஞ்சப்பட்டுக் கழிவாகப் போய்க்கொண்டிருக்கும். இப்போது கதிருக்கு ஒரு சென்சார். இழை அறுந்ததும் மெஷின் முனையில் ஒரு விளக்கு, அந்தப் பகுதியில் ஒன்று, அந்தக் கதிரிலேயே ஒன்று. நேராகப் போய் ஒட்டினால் போதும். ஒரே கதிர் திரும்பத் திரும்ப அறுத்தால், அதுவும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

"கால்வலி குறைஞ்சிருக்குமே அக்கா?"

"குறைஞ்சிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா மேஸ்திரி கத்துனா பதிலுக்கு நாலு வார்த்தை கேக்கலாம். 'பஞ்சு சரியில்ல, கதிர் சரியில்ல, நான் என்ன பண்ண?'ன்னு. லைட்டுகிட்ட என்னத்தைக் கேக்க? எத்தன நிமிஷத்துல ஒட்டுனேன்னு மட்டும் கணக்கு போயிருது."

யோசித்துப் பார்த்தேன். அக்கா கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. எந்தக் கதிர் எத்தனை தடவை அறுத்தது என்ற கணக்கு, அவர் மேல் தப்பில்லை என்பதற்குச் சாட்சி. ஆனால் அந்தத் திரை ஆபீஸ் அறையில் இருக்கிறது. அக்கா நிற்பது கதிருக்குப் பக்கத்தில்.

விளக்கு வந்ததில் தப்பே இல்லை. கூடவே ஒரு கயிறும் வந்திருக்க வேண்டும், அக்கா இழுப்பதற்கு.