«அதே முறையில்»: கேர்ஸ் சட்டத்தின் 18005-ஆம் பிரிவுக்கு ஓர் உரை

2020 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. கொரோனாவால் நாடு முழுவதும் பள்ளிகள் மூடிக்கிடந்த நேரம் அது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்தச் சட்டத்தில், தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவியைப் பற்றிப் பேசும் 18005-ஆம் பிரிவு இரண்டே பத்திகள்தான். அந்த இரண்டு பத்திகளுக்கு என்ன பொருள் என்று கேட்டு ஆறு மாதத்துக்குள் மூன்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொன்னன. பள்ளி மூடினால் பிள்ளைக்குச் சேர வேண்டியதை யார் கணக்கிடுவது, எதை வைத்துக் கணக்கிடுவது என்ற கேள்வி அந்த வாசகத்துக்குள் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்ப்போம்.

«18002 அல்லது 18003-ஆம் பிரிவின்கீழ் நிதி பெறும் உள்ளூர்க் கல்வி முகமை…»

உள்ளூர்க் கல்வி முகமை என்று சட்டம் சொல்வது பள்ளி மாவட்டத்தை. ஒரு ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்துவது இந்த அமைப்புதான். பெரும்பாலான இடங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தின் பொறுப்பில் இருக்கும். 18002 என்பது மாநில ஆளுநர்கள் கையில் தரப்பட்ட 300 கோடி டாலர். 18003 என்பது பள்ளிகளுக்கென்றே ஒதுக்கிய 1,320 கோடி டாலர்.

அந்த 1,320 கோடி மேலிருந்து கீழே வந்த வழியைக் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டு ‘தலைப்பு ஒன்று’ திட்டத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பங்கு கிடைத்ததோ, அதே விகிதத்தில் மாநிலங்களுக்குப் பிரிந்தது. மாநிலத்துக்கு வந்ததில் குறைந்தது 90 சதவீதம் மாவட்டங்களுக்கும் அதே விகிதத்தில்தான் போக வேண்டும். தலைப்பு ஒன்று ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம். ஆகவே ஏழைகள் மிகுந்த ஊருக்குக் கூடுதலாக வந்தது. வறுமையை எண்ணித்தான் இந்தப் பணம் ஊருக்குள்ளேயே நுழைந்தது. நான்காவது துண்டுக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

செலவு செய்யும் வழிகளைச் சட்டம் தாராளமாக விட்டது. கணினி, இணைய இணைப்பு, கிருமிநீக்கம், மனநல உதவி, கோடை வகுப்பு என்று பட்டியல் நீளும். நீண்ட மூடலின்போது பிள்ளைகளுக்கு உணவு எப்படிப் போய்ச் சேரும் என்று திட்டமிடுவதும் அதில் உண்டு.

«…தனியார் பள்ளிகளின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்…»

பள்ளிகளுக்கு என்று இல்லை, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என்று இருக்கிறது. இந்தச் சொல்தேர்வுக்குப் பின்னால் ஐம்பத்தைந்து ஆண்டு வரலாறு உண்டு.

1965 ஏப்ரல் 11 அன்று டெக்சஸில், தாம் சிறுவயதில் படித்த பள்ளியின் முன் அமர்ந்து, தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பும் மத்திய அரசு பள்ளிகளுக்கு உதவும் முயற்சிகள் நடந்தன. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் தர வேண்டும் என்று ஒரு தரப்பும், மதப் பள்ளிக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்று மறுதரப்பும் நிற்க, அவை முடங்கின. அந்தக் காலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். ஒதுக்கிவிட்டுப் போகக்கூடிய எண்ணிக்கை அல்ல. ஜான்சனின் சட்டம் கண்ட வழி இது: உதவி நிறுவனத்துக்கு அல்ல, பிள்ளைக்கு. ஏழைப் பிள்ளை எந்த வாசலுக்குள் நுழைந்து படித்தாலும் உதவி அவளைத் தேடிப் போகும், பள்ளியின் கல்லாவுக்குப் போகாது.

அமெரிக்கத் தனியார் பள்ளி என்றதும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் குதிரையேற்ற மைதானமும் மட்டுமே மனதில் வந்தால் இந்தப் பிரிவு விளங்காது. தேவாலயத்தை ஒட்டிக் குறைந்த கட்டணத்தில் நடக்கும் பள்ளிகள் ஏராளம். புதிதாகக் குடியேறியவர்கள், கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுவோர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றில் படிக்கிறார்கள். மூடல் அந்தப் பள்ளிகளைத்தான் முதலில் அடித்தது. 2020–21 கல்வியாண்டில் கத்தோலிக்கப் பள்ளிகளின் சேர்க்கை 6.4 சதவீதம் சரிந்தது. 200-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடின அல்லது வேறு பள்ளிகளோடு இணைந்தன.

«…நியாயமான சேவைகளை அளிக்க வேண்டும்…»

பணம் அல்ல, சேவை. மாவட்டம் ஓர் ஆசிரியரை அனுப்பலாம், மனநல ஆலோசகரை அமர்த்தலாம், மடிக்கணினி வாங்கிக் கொடுக்கலாம். கட்டணத்தை ஈடுகட்டக் காசோலை எழுதித் தர முடியாது. அளிக்கும் பாடமும் மதச்சார்பற்றதாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு ஒருகாலத்தில் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நியூயார்க் சாட்சி. மதப் பள்ளிக் கட்டடத்துக்குள் அரசு ஆசிரியர் போய்ப் பாடம் நடத்தக் கூடாது என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் அகிலார் வழக்கில் தீர்ப்பளித்தது. நகரக் கல்வி வாரியம் வேன்களை வகுப்பறைகளாக்கிப் பள்ளிகளுக்கு வெளியே நிறுத்தியது. இதற்கும், இடங்களை வாடகைக்கு எடுப்பதற்கும், பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கும் 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. 1997-இல் அகொஸ்டினி வழக்கில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்ட பிறகுதான் ஆசிரியர் வாசலைத் தாண்டி உள்ளே போனார். சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற தகராறில் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம் வண்டிகளுக்குப் போனது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

சேவை என்ற ஏற்பாட்டில் இன்னொரு பலவீனமும் உண்டு. சேவை செய்பவர் மாவட்டத்தின் ஆள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் தாமே விரும்பித் தனியார் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்கு, மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிப் பிள்ளைக்குள்ள தனியுரிமை கிடையாது. மாவட்டம் தன் மத்திய நிதியில் ஒரு விகிதத்தை ஒதுக்கி, யாருக்கு என்ன சேவை என்று முடிவு செய்யும். அப்படிப் பேச்சுப் பயிற்சி பெற்றுவந்த சிறுவனின் பள்ளி 2020 இலையுதிர் காலத்தில் திறந்திருக்கலாம், அவனுக்குப் பயிற்சி தர வரும் பெண்மணி வேலை செய்யும் மாவட்டம் மூடியே இருந்திருக்கலாம். அப்போது பள்ளி திறந்தும் அவன் பயிற்சி திறக்கவில்லை.

«…1117-ஆம் பிரிவில் உள்ள அதே முறையில்…»

வழக்கு முழுவதும் இந்தத் துண்டில்தான். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பு ஒன்றில் இன்று 1117 என்று எண்ணிடப்பட்டிருக்கும் பிரிவு, தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது: மாவட்டத்தின் ஏழைப் பிள்ளைகளில் எத்தனை பேர் தனியார் பள்ளியில் படிக்கிறார்களோ, அந்த விகிதம்.

2020 ஏப்ரல் 30 அன்று கல்வி அமைச்சர் பெட்சி டிவோஸின் துறை வேறு பொருள் சொன்னது. ஏழைகளை எண்ண வேண்டாம், தனியார் பள்ளிகளில் படிக்கும் எல்லோரையும் எண்ணுங்கள் என்றது அதன் வழிகாட்டுதல்.

இதன் விளைவைக் கற்பனையான ஒரு மாவட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அரசுப் பள்ளிகளில் 8,000 பிள்ளைகள், அவர்களில் 4,750 பேர் ஏழைகள். தனியார் பள்ளிகளில் 2,000 பேர், அவர்களில் 250 பேர் ஏழைகள். மாவட்டத்துக்கு வந்தது 10 லட்சம் டாலர். ஏழைகளை எண்ணினால் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு 5 சதவீதம், அதாவது 50,000 டாலர். எல்லோரையும் எண்ணினால் 20 சதவீதம், 2,00,000 டாலர். கூடுதலாகப் போகும் ஒன்றரை லட்சம், அந்த 4,750 ஏழைப் பிள்ளைகளுக்கென்று வந்த பணத்திலிருந்து போகிறது.

துறையின் வாதம் அப்படியே தள்ளத்தக்கது அல்ல. தலைப்பு ஒன்றின் சேவை, படிப்பில் பின்தங்கிய குறிப்பிட்ட பிள்ளைகளுக்கு மட்டும். கேர்ஸ் பணமோ எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படலாம். நோய்த்தொற்று ஏழை பணக்காரன் பார்க்கவில்லை. அப்படியிருக்க ஏழைகளை மட்டும் ஏன் எண்ண வேண்டும் என்று அது கேட்டது. ஆனால் யாருக்குச் செலவழிக்கலாம் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு ஒதுக்குவது என்பது வேறு கேள்வி. துறை இரண்டையும் கலந்துவிட்டது. அரசுப் பள்ளிகளுக்கும் பணம் வந்தது ஏழைகளின் கணக்கில்தான், செலவானது எல்லோருக்கும்தான். ஒரு பக்கம் ஏழைகளை எண்ணிப் பணத்தை வாங்கி, மறுபக்கம் எல்லோரையும் எண்ணிப் பிரிப்பது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

டிவோஸின் சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. செனட் கல்விக் குழுவின் தலைவர் லமார் அலெக்சாண்டர், தலைப்பு ஒன்று போலவே பணம் பிரியும் என்றுதான் தாம் நினைத்ததாகச் சொன்னார். இண்டியானாவின் கல்வித் தலைவர் ஜெனிபர் மெக்கார்மிக் வழிகாட்டுதலைப் பின்பற்றப் போவதில்லை என்று அறிவித்தார். துறை பின்வாங்காமல் ஜூலை 1 அன்று அதை விதியாகவே வெளியிட்டது. தலைப்பு ஒன்று பெறும் பள்ளிகளுக்கு மட்டும் செலவழிக்கும் மாவட்டம் ஏழைகளை எண்ணலாம், மற்றவை எல்லோரையும் எண்ண வேண்டும் என்றது விதி.

ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தில் நீதிபதி பார்பரா ரோத்ஸ்டைனும், கலிபோர்னியாவில் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோவும் விதிக்குத் தடை விதித்தார்கள். செப்டம்பர் 4 அன்று தலைநகரில் நீதிபதி டாப்னி பிரெட்ரிக் அதை முற்றாக நீக்கினார். அவர் ஜனாதிபதி டிரம்ப் நியமித்தவர். அதே முறையில் என்று சட்டம் சொன்னால் அதற்கு நேரெதிரான பொருள் இருக்க முடியாது என்பதே அவர் தீர்ப்பின் சாரம். அந்த மாதம் முடிவதற்குள் மேல்முறையீடு இல்லை என்று துறை ஒப்புக்கொண்டது. இடையில் போன நான்கு மாதங்கள் திரும்பி வராதவை. மடிக்கணினி தேவைப்பட்டது அந்தக் கோடையில்தான்.

«…தனியார் பள்ளிகளின் பிரதிநிதிகளோடு கலந்து பேசித் தீர்மானித்தபடி.»

முடிவெடுத்த பிறகு தகவல் சொல்வது கலந்து பேசுவதாகாது. 1117-ஆம் பிரிவு உரிய காலத்தில், பொருளுள்ள முறையில் பேச வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிகள் முறையிட ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு குறைகேள் அலுவலர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தப் பேச்சில்தான் ஏழைகளின் எண்ணிக்கை வெளிவர வேண்டும். பல தனியார் பள்ளிகள் மத்திய மதிய உணவுத் திட்டத்தில் சேர்வதில்லை, அதனால் குடும்ப வருமானம் பற்றிய பதிவு அவற்றிடம் இருக்காது. பெற்றோருக்குப் படிவம் அனுப்பி, வந்த பதில்களை வைத்து மொத்தத்தை மதிப்பிடச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளைகள் வாழும் பகுதியின் வறுமை விகிதத்தை அவர்களுக்கும் பொருத்திக் கணக்கிடவும் இடம் தருகிறது. பள்ளி பூட்டிக்கிடக்கும்போது படிவம் திரும்பி வருமா? வராத இடத்தில் இரண்டாம் வழியை மாவட்டம் தானாகவே கையில் எடுத்திருக்க வேண்டும் என்பேன். ஏழைகளை எண்ணுவது சரி என்று வாதாடிய நாம், எண்ணப்படாமல் போன ஏழைக்கும் பொறுப்பாளிகள்.

«நிதியின் கட்டுப்பாடும், அதில் வாங்கும் பொருள்களின் உரிமையும் பொது முகமையிடமே இருக்க வேண்டும்.»

இரண்டாம் பத்தியின் சாரம் இது. தேவாலயப் பள்ளிச் சிறுமி வீட்டுக்கு எடுத்துப் போகும் கணினி மாவட்டத்தின் சொத்து. பயன் முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். கடுமையாகத் தோன்றினாலும் இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி மூடிவிட்டால் கணினி ஏலத்துக்குப் போகாது, வேறொரு பிள்ளைக்குப் போகும்.

2020 டிசம்பர் 27-இன் அடுத்த நிவாரணச் சட்டம் இந்த ஏற்பாட்டைப் பிரித்தது. மாவட்டங்களின் புதிய நிதியில் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. அவர்களுக்கென்று 275 கோடி டாலர் தனியாக ஒதுக்கி மாநிலக் கல்வித் துறைகளிடம் தந்தது. கட்டுப்பாடு அப்போதும் பொது முகமையிடமே. 2021 மார்ச்சில் வந்த சட்டம் இன்னொரு 275 கோடி தந்து, ஏழைப் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கும் பள்ளிகளுக்கு மட்டும் என்று எழுதியது. மாநிலம் வேறு அளவை முன்மொழிந்தாலன்றி, கணிசம் என்றால் 40 சதவீதம் என்று துறை வரையறுத்தது.

வறுமையைச் சட்டத்திலேயே எழுதியது நல்லது. ஆனால் 1965-இல் எண்ணியது பிள்ளையை, 2021-இல் எண்ணியது பள்ளியை. 100 பேரில் 35 பேர் ஏழைகளாக இருக்கும் பள்ளியில், அந்த 35 பேருக்கும் இரண்டாம் தவணையில் ஒன்றும் இல்லை. 1117-ஆம் பிரிவின் முறை அவர்களில் ஒவ்வொருவரையும் எண்ணியிருக்கும்.