இடக்கை கற்ற குறி

கரவெட்டியின் தோட்டங்களில் துலாவினால் நீர் இறைத்த காலத்தில், பட்டை பிடிப்பது எளிய வேலையென்றே பார்த்தவர் எண்ணினர். புதிதாகப் பிடித்தவனின் பட்டையோ கிணற்றுக் கட்டில் மோதும். நீரும் வீணாய்ச் சிந்தும். சில மாதங்கள் சென்றபின் அதே கை பட்டையைத் தவறாது தொட்டியிற் கவிழ்க்கும். தோளில் ஏறிய வலிமை ஒரு பாதி. நாள்தோறும் செய்த பழக்கம் மறுபாதி. இவ்வுண்மையைக் கைத்துப்பாக்கிப் போட்டியில் மெய்ப்பித்தவர் ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோய் தகாச்.

1910ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரிற் பிறந்த தகாச், வலக்கையாற் சுடுவதில் தேர்ந்தவர். ஆயினும், ஆணை பெற்ற அதிகாரிகள் மட்டுமே பங்குபற்றலாம் என்ற விதியினால், 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கிற் சேரும் வாய்ப்பைச் சார்ஜண்டாகிய அவர் இழந்தார். விதி பின்னர் நீங்கிற்று. ஆனால் 1938இல் பயிற்சியின்போது பழுதுற்ற கைக்குண்டு ஒன்று வெடித்து அவருடைய வலக்கையைச் சிதைத்தது.

தகாச் துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றினார். அஃது எளிதன்று. ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையை நீட்டிய ஒரே கையில் தாங்கும்போது தோளும் முன்கையும் விரைவிற் களைத்து நடுங்கும். குறிமுனை ஒரு மில்லிமீற்றர் விலகினாலும், 25 மீற்றர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 12 சென்றிமீற்றர் விலகிவிடும். ஆகவே தோள், முதுகு, மணிக்கட்டு ஆகியவற்றை உரப்படுத்தல் வேண்டும். வலிமை மட்டும் போதாது. பிடி ஒவ்வொரு முறையும் ஒன்றாயிருத்தல், மூச்சை அடக்கல், விசையைக் குலுக்காது மெல்ல அழுத்தல் ஆகியன ஆயிரம் முறை செய்தே கைவரும். குண்டில்லாத துப்பாக்கியுடன் இவற்றைப் பழகும் முறையை இன்றைய வீரரும் கைக்கொள்கின்றனர்.

தகாச் பிறர் அறியாது பயின்றார். 1939இல் தம் நாட்டுப் போட்டியில் தோன்றியபோது, அவர் பார்வையாளராக வந்தார் என்றே பலர் நினைத்தனர். அவர் வென்றார். உலகப் போர் மூண்டதால் 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948இல் லண்டனில், 38 வயதில், 600 புள்ளிகளுக்கு 580 பெற்று உலக சாதனையுடன் தங்கப்பதக்கம் ஏற்றார். எட்டு, ஆறு, நான்கு வினாடிகளில் ஐந்து இலக்குகளைச் சுடவேண்டிய விரைவுச் சுடுபோட்டி அது.

நான்காண்டுகளின்பின் ஹெல்சிங்கியில் மீண்டும் வென்றார். யாழ்ப்பாண மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இலங்கைக்காக உயரம் பாய்ந்ததும் அதே ஒலிம்பிக்கிலேதான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1958இல், தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் தாண்டி அவரும் தங்கம் பெற்றார்.

வலக்கை வீழ்ந்தபோது தகாச் இழந்தது தேர்ந்த கருவியை மட்டுமே. பொறுமையும் ஒழுங்கும் அவரிடமே இருந்தன. அவை இடக்கைக்குக் குறியைக் கற்பித்தன.