கூதிரும் கடற்புயலும்: கோடிக்கரை முதல் பழனிமலை வரை

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப்பருவம். தொல்காப்பியர் அதனைக் குறிஞ்சிக்கு உரிமை செய்தார். நெய்தலுக்கோ எற்பாடு என்னும் சிறுபொழுதினைக் கூறினாரேயன்றிப் பெரும்பொழுதினை விதந்து கூறினாரல்லர். ஆறு பருவமும் அதற்கு உரியன என்பது உரையாசிரியர் கருத்து. ஆயின், சோழநாட்டுக் கடற்கரையைப் பெரும்புயல்கள் தாக்குவது பெரும்பாலும் கூதிரிலும் அதனை அடுத்த முன்பனியிலுமே ஆகும். அங்ஙனமாயின், கூதிரை மலைக்கு உரிமை செய்தது பொருந்துமோ என்னும் வினா எழுகின்றது. அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இதற்கு விடை தருகின்றது.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், கசா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. காற்று பெருவலியுடன் வீசியது. அதன் வழியில் இருந்தது கோடிக்கரை. 1967இல் சரணாலயமாக்கப்பட்டு, 2002இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் அது. பூநாரை, உள்ளான், ஆலா முதலிய பறவைகள் வலசை வந்து கூடும் பருவத்திலேயே புயலும் வந்தது. மரங்கள் முறிந்தன, வெளிமான்களும் புள்ளிமான்களும் மடிந்தன, பறவைகளும் இறந்துபட்டன. கடல்மேல் வாழும் பறவைகள் பெருங்காற்றை எதிர்க்கலாற்றாது நிலத்தினுள் தள்ளப்பட்டு, இரையின்றிச் சோர்ந்து வீழ்தல் புயற்காலத்து இயல்பு.

புயல் அங்கே முடிந்ததன்று. வலிகுன்றித் திண்டுக்கல் வழியே மேற்கு நோக்கிச் சென்றது. பழனிமலை மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே நீண்டு கிடப்பது. ஆதலின் கீழ்க்கடலினின்று வரும் ஈரக்காற்றை எதிரேற்று மேலெழச் செய்து, குளிர்வித்து, மழையாக்குவது. கோடைக்கானலில் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, வழிகள் அடைபட்டன.

நெடுநல்வாடையின் தொடக்கத்தை ஈண்டு நினைத்தல் தகும். பறவைகள் வீழ்தலும், குன்றமே குளிர்வது போன்ற கூதிர் நள்ளிரவும் ஆங்கு அடுத்தடுத்து வருகின்றன. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் பழனிமலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குடியினனே. இவற்றைப் புயற்குறிப்புகள் எனக் கொள்ளல் மிகை. எனினும், கூதிரின் கடுமையைப் பறவையின் துயர்கொண்டு அளந்த மரபு இவற்றால் புலனாகின்றது.

எனவே, கூதிர் குறிஞ்சிக்கு உரியது என்னும் விதி பொருந்துவதே. அதன் மழை மலையில் நிறைவுறுகின்றது. ஆயின் அது பிறப்பது கடலில். திணைப் பகுப்பு பாடல்களின் ஒழுங்கிற்கு உரியது. காற்றின் வழியைத் தடுக்கும் வேலியன்று. கரையில் வீழ்ந்த பறவையையும் மலையில் சரிந்த மண்ணையும் வேறுவேறு நிகழ்ச்சிகளாகப் பிரித்து எழுதும் வரலாறு, ஒரு புயலின் பாதியையே எழுதியதாகும்.