மொன்டே அல்பானின் 'நடனக்காரர்கள்'

மெக்சிக்கோவின் தென்பகுதியில், வஹாக்கா நகருக்கு அருகே, பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரமுள்ள குன்றின் மேல் அமைந்துள்ளது மொன்டே அல்பான். கி.மு. 500 அளவில் சபோட்டெக் மக்கள் குன்றின் உச்சியைச் சமன்செய்து இந்நகரை அமைத்தனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் அதன் செல்வாக்கு மங்கி, மக்கள் வெளியேறினர். 1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

மலையேறி வரும் பயணியின் கண்ணை முதலில் நிறைப்பது, சுமார் 300 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட பெருமுற்றம். நிழல் மிகக் குறைவு. காலையிலேயே போய்விடுவது நல்லது. வழிகாட்டிகள் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம், முற்றத்தின் மேற்கே உள்ள 'நடனக்காரர்கள்' கற்கள். இவ்வகைச் செதுக்குக் கற்கள் முந்நூறுக்கும் மேல் கிடைத்துள்ளன. மூலக் கற்கள் பலவும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

வளைந்து நெளிந்த கைகால்களைக் கண்டு முன்னோர் இவற்றை ஆடுவோரின் உருவங்கள் என்றனர். நின்று பார்த்தால் அந்தப் பெயர் பொருந்துவதாகத் தோன்றாது. கண்கள் மூடியிருக்கின்றன, வாய் பிளந்திருக்கிறது, உடலில் ஆடையில்லை. சிலவற்றில் பிறப்புறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் குருதிச் சுருள்கள் செதுக்கப்பட்டுள்ளன. இவர்கள் கொல்லப்பட்ட போர்க்கைதிகள் என 1962இல் மைக்கேல் கோ விளக்கினார். அதை ஏற்காதவர்களும் உள்ளனர். சடங்கில் தம் குருதியையே காணிக்கையாக்கும் வீரர்கள் என்பது அவர்கள் கருத்து. எப்படியாயினும், ஆட்டம் என்ற விளக்கத்தை இன்று ஏற்பவர் அரிது.

முற்றத்தின் தென்பகுதியில், அம்புமுனை வடிவில், ஏனைய கட்டடங்களோடு இணங்காமல் சாய்ந்து நிற்கும் 'ஜே' கட்டடம் கைதிகள் என்ற கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. அதன் சுவரிலுள்ள கற்கள் பலவற்றில் ஓர் ஊரின் குறியும், அதன்கீழ்த் தலைகீழான மனிதத் தலையும் உள்ளன. 1931 முதல் இங்கு அகழாய்வு நடத்திய அல்போன்சோ காசோ, இவற்றை வெல்லப்பட்ட ஊர்களின் பட்டியலாகக் கண்டார். 1932இல் அவர் திறந்த 7ஆம் கல்லறையில் பொன்னணிகள் குவிந்திருந்தன. ஆனால் அவை சபோட்டெக்குகளுடையவை அல்ல. பின்னாளில் மிஷ்டெக் மக்கள் அதே கல்லறையில் வைத்தவை.

சபோட்டெக் மொழிகள் வஹாக்காவில் இன்றும் பேசப்படுகின்றன. பழைய எழுத்தோ இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. 'நடனக்காரர்' சிலரின் அருகே சிறு குறிகள் உள்ளன. அவை அவர்களுடைய பெயர்கள் என்றே ஆய்வாளர் பலர் எண்ணுகின்றனர்.