மன்னிக்கும் அதிகாரம்

வைகாசித் திங்களில் எங்கள் காரைதீவுக் கண்ணகையம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நிகழும். சினங்கொண்ட தெய்வத்தின் உள்ளத்தைக் குளிர்விப்பது அச்சடங்கின் நோக்கம். மட்டக்களப்பு நாடெங்கும் பரவிய இவ்வழிபாட்டின் அடியிலே கிடப்பது ஒரு வழக்கு. ஆராயாது தீர்ப்பளித்தான் ஓர் அரசன். பிழையென உணர்ந்த கணத்திலேயே அரியணையில் உயிர் நீத்தான். அதிகாரத்தில் இருப்பவன் தன் பிழையைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட கதையை எம்மூர்க் கிழவிகளும் குழந்தைகளும் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றனர். அக்கதையோடு வளர்ந்தமையாலோ என்னவோ, மன்னிப்பு என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், யார் யாரை மன்னிப்பது என்ற வினாவும் என்னுள் உடன் எழுகின்றது.

அவ்வினாவைச் சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனே கேட்டுவிட்டான். உயர்தர வகுப்பில் மத்தியகால ஐரோப்பிய வரலாறு நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி, தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கிய ஏழாம் கிரகரிப் பாப்பரசரின் மன்னிப்பை வேண்டி, 1077 ஆம் ஆண்டு ஜனவரிப் பனியில், இத்தாலியின் கனோசாக் கோட்டை வாயிலில் மூன்று நாட்கள் வெறுங்காலுடன் நின்ற கதையைச் சொன்னேன். பாப்பரசர் மன்னித்தார். மூன்றாண்டுகளில் மீண்டும் விலக்கினார். 1084 இல் ஹென்றி படையோடு உரோமாபுரிக்குள் புகுந்தான். அடுத்த ஆண்டு கிரகரி சலேர்னோ நகரில் ஊர் இழந்தவராய் இறந்தார். மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், அரசன் பிழை விட்டால் பாப்பரசர் மன்னிப்பார். பாப்பரசர் பிழை விட்டால் யார் மன்னிப்பது?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடிக் கனோசா வரை போகவேண்டியதில்லை. கொழும்பு வரை போனாற் போதும் என்று எனக்குத் தோன்றியது.

திஸ்ஸ பாலசூரிய 1924 இல், அநுராதபுர மாவட்டத்துக் கஹட்டகஸ்திகிலியவிற் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்றவர். பின்னர் உரோமாபுரியில் இறையியல் பயின்று அமலமரித் தியாகிகள் சபையிற் குருவானார். 1964 முதல் 1971 வரை கொழும்பு அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவர். 1971 ஏப்ரலில் இந்நாட்டு இளைஞர் ஆயுதமேந்தி எழுந்து மாண்டொழிந்த ஆண்டிலேயே அவர் அப்பதவியை விட்டார். சமூகத்தையும் சமயத்தையும் ஒருங்கே ஆராயும் நிலையம் ஒன்றைக் கொழும்பில் நிறுவினார். 1976 இல் தார் எஸ் சலாமிற் கூடி, மூன்றாம் உலக இறையியலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். பசித்தவனுக்கு முன்னால் நின்றுகொண்டு இறைவனைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதே அவருடைய வாழ்நாள் வினா.

1990 இல் அவர் எழுதிய ‘மரியாளும் மானிட விடுதலையும்’ என்ற ஆங்கில நூல், நிலையத்தின் வெளியீடாகச் சிறு அளவில் வந்தது. கோயில்களில் நாம் காணும் மாதா, தலை குனிந்தவள், கீழ்ப்படிபவள், பேசாதவள். ஆண்களால் ஆளப்படும் திருச்சபைக்கு வசதியான உருவம் அது என்றார் பாலசூரிய. நற்செய்தி நூல்களிற் காணப்படும் மரியாளோ உழைக்கும் குடும்பத்தவள். வலியோரின் வீழ்ச்சியையும் எளியோரின் எழுச்சியையும் பாடியவள். மகன் கொலையுண்டதை நேரிற் கண்டு நின்றவள். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். அவர் மேலும் கேட்டார்: பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் ஆதிப் பாவத்தோடு பிறக்கின்றது, திருச்சபை தரும் ஞானஸ்நானமே அதைப் போக்குகின்றது என்றால், ஆசியாவின் கோடானுகோடி மக்கள் இறைவனின் அன்புக்குப் புறம்பானவர்களா? பெண்கள் ஏன் குருவாதல் கூடாது?

ஆதிப் பாவம் பற்றிய இவ்வினா கிறித்தவர்களின் உள்வீட்டுச் சண்டை அன்று, எம்மூரையும் தொடுவது. காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். நாங்களோ பெரும்பாலும் சைவர். 1892 இல் இங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். பாதிரிமார் அவருக்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் மனமுவந்து தந்தனர். ஆனால் அன்றைய வேதபாடத்தின்படி, ஞானஸ்நானம் பெறாத அந்த மாணவனின் கதி என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) இக்கதவை ஓரளவு திறந்தது உண்மையே. பாலசூரிய அதனை முழுதாகத் திறக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்காகவும் சேர்த்தே அவர் பேசினார்.

1994 இல் இலங்கை மேற்றிராணிமார் அந்நூலைக் கண்டித்து அறிக்கை விட்டனர். உரோமாபுரியின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தன் குற்றச்சாட்டுகளை அனுப்பியது. பாலசூரிய நீண்ட மறுமொழி எழுதினார். தம் நூலைத் திரித்து வாசித்துள்ளனர் என்றார். பேராயம் தானே வரைந்த விசுவாச அறிக்கை ஒன்றில் ஒப்பமிடுமாறு கேட்டது. பெண்களைக் குருவாக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்ற வாசகமும் அதில் இருந்தது. அவர் மறுத்தார். அதற்கு மாறாக, ஆறாம் பவுல் பாப்பரசர் 1968 இல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில் ஒப்பமிட்டு, இறையியல் வளர்ச்சியையும் ஆராய்வோரின் உரிமையையும் மனத்திற்கொண்டே ஒப்பமிடுகின்றேன் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தார். அந்த ஒற்றை வாசகம் ஏற்கப்படவில்லை. 1997 ஜனவரி 2 ஆம் நாளிட்ட அறிவித்தல், கருதினால் ஜோசப் ராட்சிங்கரின் ஒப்பத்துடனும் இரண்டாம் ஜோன் போல் பாப்பரசரின் இசைவுடனும் வெளியாயிற்று. எழுபத்திரண்டு வயது முதியவர் ஒருவர், தம் இளமை முழுவதையும் ஒப்படைத்த சபையிலிருந்து விலக்கப்பட்டார். பாப்பரசரிடம் முறையிட்டார், திருச்சபையின் மேல் நீதிமன்றை நாடினார். பயனில்லை.

சபைநீக்கம் என்றால் என்ன என்று எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஊர்விலக்கு என்பதை அவர்கள் கேள்விப்பட்டிருக்கின்றனர். நல்லது கெட்டதுக்கு எவரும் வாசலுக்கு வாராமை அது. ஒரு குருவுக்கோ திருப்பலியும் தேவதிரவிய அனுமானங்களும் மறுக்கப்படும். சாகும் தறுவாயிற் கூட இத்தண்டனை மனத்தை அரிக்கும் என்பதை விசுவாசியே அறிவான்.

ஆயினும் காலம் மாறியிருந்தது. முன்னொரு காலமாயின் அவர் குரல் அத்துடன் அவிந்திருக்கும். இப்பொழுதோ உலகெங்கும் கண்டனம் எழுந்தது. சில நூறு பேர் கையில் இருந்த நூல் பல நாடுகளில் அச்சேறியது. அமலமரித் தியாகிகள் சபையார் தம் சகோதரனைக் கைவிடவில்லை. ஓராண்டின் பின் கொழும்பிற் பேச்சுகள் நடந்தன; 1998 ஜனவரி 15 ஆம் நாள் சபைநீக்கம் அகற்றப்பட்டது. பாலசூரிய ஆறாம் பவுலின் விசுவாச அறிக்கையில், அந்த வாசகம் இன்றி, ஒப்பமிட்டார். இனி எழுதுவனவற்றை மேற்றிராணிமாரின் அனுமதிக்கு முன்வைக்கவும் இசைந்தார்.

அன்று அவர் ஒப்பமிட்ட மற்றொரு கூற்றே என்னை மிகவும் ஈர்க்கின்றது. தம் எழுத்துகளிற் கடுமையான மயக்கங்களும் கோட்பாட்டுப் பிழைகளும் காணப்பட்டன என்பதையும், அதனால் எதிர்ப்பு எழுந்தது என்பதையும் தாம் உணர்வதாகவும், விளைந்த தீங்குக்கு வருந்துவதாகவும் அதிற் கூறினார். தமிழாசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றேன். ‘காணப்பட்டன’ என்பது செயப்பாட்டுவினை. கண்டவர் யார்? எழுவாய் மறைந்து நிற்கின்றது. பிழை இருந்தது என்று அவர் சொல்லவில்லை. பிழை இருந்ததாகச் சிலர் கண்டனர் என்பதற்கு மேல் அக்கூற்றிலிருந்து எதையும் கறந்தெடுக்க இயலாது. நூலையும் அவர் திரும்பப் பெறவில்லை. அதிகாரமும் இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டது. தன்னை வணங்கினான் என்று அதுவும், வணங்கவில்லை என்று இவரும் சொல்லிக்கொள்ள அந்த வினைமுற்று இடம் தந்தது.

இதைக் கோழைத்தனம் என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. தாம் நேசித்த மக்களோடு ஒரே பந்தியில் இருப்பதற்காக ஒரு முதியவர் தலையைச் சற்றே தாழ்த்தினார், முதுகை வளைக்கவில்லை. எனக்கு உறுத்துவது மறுபக்கம். ஓராண்டுக் காலம் ஒரு மனிதரை வாட்டியதற்கு, அவர் கேட்ட நேருரையாடலை மறுத்ததற்கு, அதிகாரத்தின் பக்கத்திலிருந்து ஒரு வருத்தச் சொல், செயப்பாட்டுவினையிலேனும், வந்ததா? வரவில்லை.

எவரையும் குறை கூறுமுன் என் கணக்கையும் சொல்லிவிடவேண்டும். ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில், வகுப்பிற் காணாமற்போன பணத்துக்காக ஒரு பையனைச் சந்தேகித்து, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கச் செய்தேன். அவன் கேட்டான். நானும் பெருந்தன்மையோடு மன்னித்தேன்! மறுவாரம் பணம் வேறோரிடத்திற் கிடைத்தது. அவனைத் தனியே அழைத்து ஏதோ முணுமுணுத்தேன். வகுப்பின் முன் சொல்ல நாணம் தடுத்தது. குற்றஞ்சாட்டியது நாற்பது பேர் முன்னிலையில். வருந்தியது விறாந்தையின் ஒரு மூலையில். அந்தப் பையன் இப்போது குடும்பஸ்தன். சந்தியில் கண்டால் மரியாதையாகவே தலையசைக்கின்றான். எனக்குத்தான் முகம் நிமிர்வதில்லை.

திருச்சபை தன் பிழையை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை என்று சொல்வது வரலாறாகாது. 1633 இல் கலிலியோவைத் தண்டித்தது தவறு என்று 1992 இல் ஏற்றது. 2000 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் நாள், அதே இரண்டாம் ஜோன் போல், திருச்சபையின் மக்கள் உண்மையின் பெயரால் இழைத்த வன்முறைகளுக்காகவும், யூதருக்கும் பிற பண்பாட்டினருக்கும் பெண்களுக்கும் செய்த தீங்குகளுக்காகவும் அர்ச். இராயப்பர் பேராலயத்தில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அது சிறிய செயல் அன்று. ஆயினும் மன்னிப்புக் கேட்கப்பட்டது இறந்தோருக்காக, கேட்கப்பட்டதும் இறைவனிடம். உயிரோடு கொழும்பில் இருந்த ஒருவரிடம் அன்று.

இரக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாய்ப் பாய்வதுமில்லை. நிக்கராகுவாவின் கவிஞரும் குருவானவருமான எர்னெஸ்தோ கார்தெனால் புரட்சி அரசில் அமைச்சரானார். 1983 மார்ச்சில் மனாகுவா விமான நிலையத்தில் முழந்தாளிட்ட அவரைப் பாப்பரசர் விரல் நீட்டிக் கண்டித்த படத்தை உலகமே பார்த்தது. பின்னர் குருத்துவப் பணியினின்று தடுக்கப்பட்டார். அத்தடையைப் பிரான்சிஸ் பாப்பரசர் 2019 பெப்ரவரியில் அகற்றியபோது கார்தெனாலுக்கு வயது 94. ஓராண்டில் இறந்தார். இதற்கு மாறாக, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்களையே எதிர்த்து நின்று 1988 இல் விலக்கப்பட்ட பழமைவாத மேற்றிராணிமார் நால்வரின் தண்டனை 2009 இல் நீக்கப்பட்டது. தம் நிலையை அவர்கள் மாற்றிக்கொண்டிருக்கவில்லை. யூதப் படுகொலையை மறுத்தவர் ஒருவரும் அவர்களுள் இருந்தார். நீக்கியவர் பதினாறாம் பெனடிக்ட், அதாவது முன்னாட் கருதினால் ராட்சிங்கர். பாலசூரியவிடம் ஒரு வாசகத்தையும் பொறுக்காத கை அது.

இனி எம் அண்டை ஊருக்கு வருகின்றேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும், கொழும்பின் விடுதிகளிலும் வெடித்த குண்டுகளில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐந்தாம் நாள் இரவு, சாய்ந்தமருதில் மறைந்திருந்தோரைப் படையினர் சூழ்ந்தபோது அவர்கள் தம்மையும் தம் குழந்தைகளையும் வெடிவைத்து மாய்த்தனர். தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அவ்வோசை காரைதீவிற் கேட்டது. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கருதினால் மல்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகக் கூறினார். பகைமையை எவ்வளவோ பேர் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த நாட்டில் அச்சொல்லுக்கு மதிப்பு உண்டு. முஸ்லிம் அயலவரோடு வாழும் எங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் எச்சரிக்கை கிடைத்தும் வாளாவிருந்த ஆட்சியாளரை அவர் அவ்வாறு விடவில்லை. உண்மை வெளிவரவேண்டும், நேர்மையான விசாரணை வேண்டும் என்று ஆண்டுதோறும் கேட்டார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. அதன்பின் அவர் கத்தோலிக்கரிடம் மன்னிப்புக் கேட்டார். திருச்சபை அதனை ஏற்கவில்லை. நான் அதனை முற்றும் சரியென்றே கொள்கின்றேன். தம் பொறுப்பை ஏற்காதவர் கேட்கும் மன்னிப்பு, கணக்கை மூடுவதற்கான தந்திரமே.

உண்மையை ஆராய், எதிரில் நின்று பதில் சொல், பின்னர் மன்னிப்பைப் பற்றிப் பேசலாம் என்று திருச்சபை அரசிடம் கேட்டதற்கும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திஸ்ஸ பாலசூரிய திருச்சபையிடம் கேட்டதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. அவர் இதனைக் காண இருக்கவில்லை. 2013 ஜனவரி 17 ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில், குருவாகவே கொழும்பிற் காலமானார். நான்கு வாரம் கழியுமுன் பதினாறாம் பெனடிக்ட் பதவி துறக்கும் முடிவை அறிவித்தார். 1997 ஆம் ஆண்டு அறிவித்தல் வத்திக்கானின் ஆவணங்களுள் இன்றும் இருக்கின்றது. என் மாணவன் அதனை வாசித்துவிட்டு, அடுத்த வகுப்பில் என்ன கேட்கப்போகின்றானோ தெரியாது.